யூத வீட்டில் பிள்ளை பார்க்கப் போகும் தங்கைக்கு

நீங்கள் கேட்டது இது: லண்டன் ஹென்டனில், சமய விதிகளை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் ஓர் ஆர்தடாக்ஸ் யூதக் குடும்பத்தில் அடுத்த மாதம் முதல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு, நான்கு, ஆறு வயதில் மூன்று பிள்ளைகள். “எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும், ஆனால் வீட்டில் பதற்றம் இருக்கக் கூடாது” என்று தாய் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய ஒழுங்கு எப்படிப்பட்டது, அதற்குள் நீங்கள் எப்படிப் பொருந்துவது?

கோல்டர்ஸ் கிரீனிலும் ஹென்டனிலுமாகப் பன்னிரண்டு வருடங்கள் இந்த வேலை பார்த்தவள் நான். சமயத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படுக்கையருகிலும் அடுப்படியிலும் குளியலறையிலும் நடப்பது தெரியும், அதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். சந்தேகம் வந்தால் தாயிடமே கேளுங்கள். கேட்பதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. ஒரு கரண்டி மாறிவிட்டால் அவர்களே தங்கள் மதகுருவான ரப்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர்கள்தான்.

சுவரில் நேர அட்டவணை ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வீடுகளில் சிறு பிள்ளையின் நாள் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. எழும்புதல், உடுத்தல், உண்ணல், கழிப்பறைக்குப் போதல், உறங்கல் என்று ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சிறு சொல்லும் ஒரு சிறு செய்கையும் இருக்கின்றன. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் இதற்குப் பிறகு அது வரும் என்பது நன்றாகத் தெரியும். அந்த வரிசையைக் குலையாமல் பார்ப்பதும், அதைக் குரல் உயர்த்தாமல் செய்வதும்தான் உங்கள் வேலை. இரண்டாவதுதான் கடினம்.

காலையில் இருந்து தொடங்குகிறேன். கண் விழித்ததும் பிள்ளை படுக்கையில் இருந்தபடியே “மோதே அனி” சொல்லும். பெண்பிள்ளையானால் “மோதா அனி”. எபிரேயத்தில் பன்னிரண்டே சொற்கள். என்றும் வாழும் அரசனே, என் உயிரை இரக்கத்தோடு எனக்குத் திருப்பித் தந்தாய், உனக்கு நன்றி என்பது கருத்து. அதில் கடவுளின் பெயர் வராது. அதனால் கை கழுவும் முன்பே சொல்லலாம். இது ஆதிகாலத்து மந்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சஃபேத் நகர ரப்பி ஒருவரின் நூல் 1599இல் வெனிசில் அச்சானபோதுதான் இது முதன்முதலில் எழுத்தில் வந்ததாம். அவர்கள் கணக்கில் அது நேற்று.

அடுத்தது கை கழுவல். கட்டிலடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டம் இருக்கும், அதற்குள் இரண்டு கைப்பிடி வைத்த குவளை. யித்திஷ் மொழியில் இதை “நெகல் வாசர்” என்பார்கள், நகத் தண்ணீர் என்று பொருள். வலக்கையில் ஒரு முறை, இடக்கையில் ஒரு முறை, இப்படி மாறி மாறி மும்மூன்று முறை ஊற்ற வேண்டும். நான் பார்த்த ஒரு மூன்று வயதுப் பையன் குவளையை அருவி போலக் கவிழ்ப்பான். பாதி அவன் பைஜாமாவில், மீதி கம்பளத்தில். நான் தினமும் “மெதுவாக, மெதுவாக” என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாய் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு குவளையில் கால்வாசித் தண்ணீர் மட்டும் நிரப்பி, தட்டத்துக்கு அடியில் ஒரு பழைய துவாயை விரித்து வைத்தார். அதன் பிறகு காலையில் கத்தலே இல்லை. நீங்கள் இரவில் நிரப்பி வைக்க வேண்டி வந்தால் இதை நினைவில் வைத்திருங்கள்.

சப்பாத்து போடுவதற்கும் முறை உண்டு என்றால் சிரிப்பீர்கள். வலது காலில் முதலில் போட வேண்டும், ஆனால் நாடாவைக் கட்டக் கூடாது. பிறகு இடது காலில் போட்டு, இடதைக் கட்டி, கடைசியாக வலதைக் கட்ட வேண்டும். தல்மூத் என்னும் பழைய சமய விவாத நூலில் பேசப்பட்டு, அவர்களுடைய சட்டக் கோவையில் தொடக்கத்திலேயே வரும் விதி இது. பாடசாலைக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கையில் கிடைத்த காலுக்கு நான் மாட்டிக் கட்டிவிட்டேன். நான்கு வயதுக்காரி உட்கார்ந்து இரண்டையும் கழற்றி, முதலில் இருந்து தொடங்கினாள். எனக்கு இரத்தம் கொதித்தது. பிறகு யோசித்தபோது விளங்கியது: எந்தக் காலை முதலில் நீட்டுவது, யார் போட்டுவிடுவது என்ற காலை நேரத்து வழக்கமான சண்டை அந்த வீட்டில் இல்லவே இல்லை. அது எப்போதோ தீர்ந்துபோன விடயம். ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்தானால் கட்டும் வேலை இல்லை, வலது முதலில் என்பது மட்டும் போதும். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் தாய்மாருக்கு ஒட்டுப்பட்டியைக் கண்டுபிடித்தவர் பெரிய புண்ணியவான்.

உணவுக்கு வருவோம். வாயில் வைக்கும் முன் ஒரு வரி ஆசி சொல்வார்கள், “ப்ராஹா” என்று பெயர். மரத்தில் காய்த்ததற்கு ஒன்று, நிலத்தில் விளைந்ததற்கு ஒன்று, பாணுக்கு ஒன்று, பிஸ்கட், கேக் வகைக்கு ஒன்று, திராட்சைச் சாற்றுக்கு ஒன்று, தண்ணீர், பால், இனிப்பு போன்ற மற்றவற்றுக்கு ஒன்று என்று ஆறு வகை. நான்கு வயதுப் பிள்ளை கையில் பழத்தை வைத்துக்கொண்டு “இதற்கு எது?” என்று கேட்கும். வாழைப்பழத்துக்கு நான் மரத்து ஆசி என்று நினைத்தேன். பிள்ளை என்னைத் திருத்தியது, நிலத்து ஆசியாம். பழம் எடுத்த பிறகும் தண்டு நின்று மறுபடி காய்த்தால்தான் அது மரம் என்பது தல்மூத்தின் அளவுகோல். குலை தள்ளியதும் வாழை சாகிறது, பக்கக் கன்று எழும்புகிறது. இது நம் ஊர்த் தோட்டத்தில் நாம் கண்ணால் பார்த்ததுதானே. அதை எனக்குச் சொல்ல லண்டனில் பிறந்த ஒரு நான்கு வயதுப் பிள்ளை வர வேண்டியிருந்தது.

நீங்கள் ஆசி சொல்ல வேண்டியதில்லை. தட்டை வைத்துவிட்டு, “ப்ராஹா சொல்லியாயிற்றா?” என்று கேட்டுக் காத்திருந்தால் போதும். அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அது பெரிய விடயம். பசியில் பாயும் பிள்ளை அந்த ஐந்து விநாடி கையில் இருப்பதைப் பார்க்கிறது, என்ன என்று யோசிக்கிறது, பிறகு உண்கிறது. இரண்டு வயதுக்காரர் இன்னும் சொல்லத் தொடங்கியிருக்க மாட்டார். மற்றவர்கள் சொல்லும்போது “ஆமென்” என்று மட்டும் கத்துவார். அதற்குத் தடை போடாதீர்கள். குழந்தைக்கு மறுமையில் பங்கு எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு, ஆமென் சொல்லத் தொடங்கும்போது என்று ரப்பி மேயர் பதில் சொன்னதாகத் தல்மூத்தில் இருக்கிறது.

கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும் ஓர் ஆசி உண்டு. உடலில் திறக்க வேண்டியது திறந்து, மூட வேண்டியது மூடி இருப்பதற்கு நன்றி. ஒன்று பிசகினாலும் உயிரோடு நிற்க முடியாது என்று அதில் வரும். கதவுக்கு வெளியே சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருப்பார்கள், உள்ளே சொல்லக் கூடாது. சிறுநீர்ப் பயிற்சி தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு உதவி என்று நீங்களே பார்ப்பீர்கள். போய், கழுவி, வெளியே வந்து, சுவரைப் பார்த்துச் சொல்லி, யாராவது ஆமென் சொன்னால் காரியம் முடிந்தது. அருவருப்பும் இல்லை, கேலியும் இல்லை.

சமையலறையைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், தாயே முதல் நாள் காட்டித் தருவார். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதால் இறைச்சிப் பாத்திரமும் பால் பாத்திரமும் வேறு வேறு, பெரும்பாலும் சிவப்பும் நீலமும் நிறக் குறி வைத்திருப்பார்கள். கழுவும் தொட்டி, பஞ்சு, துடைக்கும் துணி எல்லாம் தனித்தனி. அடுப்பை நீங்களாக மூட்டாதீர்கள், யார் மூட்ட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. உங்கள் இடியப்பப் பெட்டி முழுச் சைவமானாலும் அவர்கள் பாத்திரத்தில் படக் கூடாது. கோழி சாப்பிட்ட பிள்ளை ஒரு மணி நேரத்தில் யோகர்ட் கேட்டு அழும். பெரியவர்கள் சில குடும்பங்களில் ஆறு மணி நேரம், சிலவற்றில் மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது குறையும். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதை எழுதியே வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மாலை ஐந்தரை மணிக்கு யோகர்ட்டுக்கு முன்னால் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து அழுவீர்கள்.

பிள்ளை அழும்போது நம்மவர்களுக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று “அழாதே, பிறகு வாங்கித் தருகிறேன்.” மற்றது “பூச்சாண்டி வருவான்.” இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைக்கு ஒன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் விடாதே, அதனால் நீ அதற்குப் பொய்யைக் கற்பிக்கிறாய் என்று ரப்பி ஸெய்ரா சொன்னதாகத் தல்மூத்தில் இருக்கிறது. ஒரு தகப்பனார் இதை என்னிடம் சொன்னது, நான் அவருடைய மகனுக்குப் பூங்காவில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி, அவர்கள் உணவு விதிக்கு ஏற்றது என்று காட்டும் கோஷர் முத்திரை இல்லாததால் வாங்காமல் திரும்பிய நாளில். கோபமாகச் சொல்லவில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார், முத்திரை உள்ளதை வாங்கிக் கொடுத்தார், திரும்பி வந்து எனக்குச் சொன்னார். பயமுறுத்தலும் அப்படித்தான். வீட்டுக்குள் அளவுக்கு மீறிய அச்சத்தைப் போடுகிறவன் கடைசியில் பெரும் பாவங்களில் போய் முடிவான் என்று தல்மூத் எச்சரிக்கிறது. எல்லா வீடுகளிலும் இதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கத்துகிற தாய்மாரும் இருக்கிறார்கள், ஆறு பிள்ளைகள் இருந்தால் யாரும் கத்துவார்கள். ஆனால் கத்தியது பிழை என்று சொல்ல அங்கே ஒரு பழைய குரல் இருந்துகொண்டே இருக்கிறது.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில முன்பள்ளிகளில், பிள்ளை வீட்டில் செய்த நல்ல காரியத்தைப் பெற்றோர் சீட்டில் எழுதி அனுப்பும் வழக்கம் உண்டு, “மிட்ஸ்வா நோட்” என்பார்கள். வகுப்பில் வாசித்துப் பாராட்டுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டாம் மாதத்தில் பிள்ளை தங்கைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, “எழுதினீர்களா?” என்று என் முகத்தைப் பார்க்கும். எழுதச் சொன்னால் எழுதுங்கள், நீங்களாகப் பேரம் பேசத் தொடங்காதீர்கள்.

இரவு உணவு ஐந்து மணிக்கு, ஆறுக்குக் குளியல், பிறகு ஒரு கதை, அதன் பிறகு ஷெமா. “இஸ்ரவேலே, கேள்” என்று தொடங்கும் அந்த வசனம் உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது, கிறிஸ்தவப் பாடசாலையில் படித்திருந்தால் உங்களுக்கே தெரியும். படுக்கும்போதும் எழும்பும்போதும் இதைப் பேசு என்று அங்கேயே சொல்லியிருப்பதால் படுக்கையில் சொல்கிறார்கள். வலக்கையால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது வழக்கம். சிறு பிள்ளைகள் விரல் இடுக்கால் உங்களைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சில வீடுகளில் நான்கு தேவதூதர் பாட்டும் உண்டு. வலப்பக்கம் மிகாயேல், இடப்பக்கம் காபிரியேல், முன்னால் உரியேல், பின்னால் ரஃபாயேல், தலைக்கு மேல் இறைவனின் இருப்பு. இருட்டுக்குப் பயந்த ஒரு சிறுமி ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பக்கத்துத் தலையணையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் படுப்பாள். நான்கும் தட்டியானதும் பேச்சு முடிந்தது. ஷெமாவுக்குப் பிறகு கதையும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பது அந்த வீட்டு விதி. ஆகவே தண்ணீரை ஷெமாவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பெற்றோர் வெளியே போகும் இரவில், “ஷெமாவை யார் சொல்லித் தருவது?” என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில தாய்மார் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள், சில வீடுகளில் மூத்த பிள்ளை சொல்லும்.

இனி வெள்ளிக்கிழமை. நீங்கள் பயப்பட வேண்டிய நாள் இதுதான்.

முதல் வெள்ளியன்று பிள்ளைகள் “ஷபாத் வருகிறது, ஷபாத் வருகிறது” என்று குதித்தபோது என் யாழ்ப்பாணக் காதில் சப்பாத்து என்று விழுந்தது. யாருக்கோ புதுச் சப்பாத்து வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். வந்தது ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னர் தாய் விளக்கேற்றுவதோடு தொடங்கி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம். அதற்குள் சமையல் இல்லை, மின்விசை தொடுவதில்லை, வாகனம் இல்லை, தொலைபேசி இல்லை, எழுதுவதில்லை, வரைவதில்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு விளக்கேற்றிய பிறகுள்ள அமைதி மட்டும்தான் தெரிகிறது. அதற்கு முந்திய ஒரு மணி நேரம் புகையிரதத்தைப் பிடிக்க ஓடும் கூட்டம் போல இருக்கும். இந்த இரயில் ஒரு நிமிடமும் தாமதிக்காது.

லண்டனில் டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு முன்பே விளக்கேற்ற வேண்டிவரும். யூதப் பாடசாலைகள் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு விட்டுவிடும். பிள்ளைகள் வந்து, உண்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முடிக்கக் கையில் இருப்பது இரண்டு மணி நேரம். நன்றாக நடத்தும் வீடுகளில் வியாழன் இரவே பாதி வேலை முடிந்திருக்கும். மாவு பிசைந்து வைத்திருப்பார்கள், பிள்ளைகளின் உடுப்பு மடித்து நாற்காலியில் இருக்கும், மேசை வெள்ளி காலையிலேயே விரித்திருக்கும். “ஹலா” என்னும் பின்னல் பாணுக்கான மாவில் ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். அது உருட்டி உருட்டிச் சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகு அதுவும் அடுப்புக்குள் போகும், தகப்பனார் அதையும் சாப்பிடுவார்.

நீங்கள் செய்ய வேண்டியதில் முக்கியமானது பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சாப்பாடு கொடுப்பது. மேசைச் சாப்பாடு தகப்பனார் தொழுகைக் கூடத்தில் இருந்து வந்த பிறகுதான், பாட்டும் திராட்சை ரச ஆசியும் முடிந்துதான். ஷபாத் உணவை முன்பே ருசி பார்ப்பது நல்ல வழக்கம் என்றே அவர்களிடம் இருக்கிறது. உருளைக்கிழங்குக் கூகல் ஒரு துண்டு, கொஞ்சம் கோழிச் சூப் என்று மதியமே கொடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளை, குளிக்காத பிள்ளை, தூங்காத பிள்ளை என்று மூன்றும் ஒருவராகவே இருந்தால் எந்த வேதமும் அந்த மாலையைக் காப்பாற்றாது.

இந்த ஓட்டத்தில் வீட்டுக்காரர் என்ன பேச வேண்டும் என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது. இருள் சூழும் வேளையில் மூன்றைச் சொல் என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா நூல்: பத்தில் ஒரு பங்கைப் பிரித்தாயிற்றா, எருவ் வைத்தாயிற்றா, விளக்கை ஏற்றுங்கள். அதன் மேல் தல்மூத்தில் ரப்பா பார் ராவ் ஹூனா என்பவர் ஒரு வார்த்தை சேர்க்கிறார். இந்த மூன்றையும் மென்மையாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள். ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் பாபிலோனியாவில் இருந்தவர். அந்தக் காலத்து வீட்டிலும் வெள்ளி மாலையில் கூச்சல் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் இதை ஏன் சொல்கிறார்? ராவ் ஆஷி என்ற மற்றோர் அறிஞர், இந்தக் கூற்று என் காதில் விழுவதற்கு முன்பே என் புத்தியாலேயே அப்படித்தான் செய்துவந்தேன் என்கிறாராம். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறார் போலத்தான் தெரிகிறது. ஆனால் நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் தாய் இதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அவருடைய குரல் இறங்கும். குளிர்சாதனப்பெட்டியின் மின்குமிழ், கழிப்பறை விளக்கு, உணவைச் சூடாக வைக்கும் மின்தட்டு என்று மூன்று கேள்விகளை ஏறத்தாழக் கிசுகிசுப்பாகக் கேட்பார். பிள்ளைகள் அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே வாயை மூடுவார்கள். நான் என் வீட்டில் முயன்று பார்த்தேன், என் மகன் “அம்மா, தொண்டை கட்டிவிட்டதா?” என்று கேட்டான்.

அந்த மூன்றில் நடுவில் வரும் எருவ் உங்கள் தள்ளுவண்டியைத் தீர்மானிக்கும். ஷபாத்தில் பொது வெளியில் எதையும் தூக்கிப் போகவோ தள்ளிப் போகவோ கூடாது. கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் அதில் அடங்கும். ஒரு பகுதியைச் சுற்றிக் கம்பமும் கம்பியும் வேலியும் தொடர்ந்து எல்லை கட்டினால், அதற்குள் எல்லாம் ஒரே வீட்டு முற்றம் போலக் கணக்கு. அந்த எல்லைதான் எருவ். ஹென்டன், கோல்டர்ஸ் கிரீன் பகுதிகளைச் சுற்றிய எருவ் நீண்ட இழுபறிக்குப் பிறகு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சிறு குழந்தை உள்ள தாய்மார் ஷபாத் முழுவதும் வீட்டுக்குள்தான். சில குடும்பங்கள் இன்றும் அதை ஏற்பதில்லை. உங்கள் வீட்டார் எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். பூங்காவுக்குப் போவதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

விளக்கேற்றும்போது தாய் கைகளைச் சுழற்றி முகத்தை மூடிக்கொள்வார். பிள்ளைகள் அதற்கு முன் உண்டியலில் ஒரு காசு போடுவார்கள். ஏற்றிய விளக்கை அதன் பிறகு நகர்த்த முடியாது. ஆகவே பிள்ளை கைக்கு எட்டாத இடமா என்று ஏற்றும் முன்னரே ஒரு முறை பாருங்கள். தகப்பனார் திரும்பி வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஆசி கூறுவார். பெண்பிள்ளைகளுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல் ஆகுக. ஆண்பிள்ளைகளுக்கு எப்பிராயீம், மனாசே போல் ஆகுக. ஆபிரகாமும் மோசேயும் இருக்க இந்த இருவர் ஏன் என்று கேட்டேன். வேதத்தில் சண்டை பிடிக்காத அண்ணன் தம்பி இவர்கள்தான் என்றார் ஒரு பாட்டி. உண்மையான காரணம், யாக்கோபு அந்தப் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதித்தபோது இஸ்ரவேலர் இப்படிச் சொல்லியே ஆசி கூறுவார்கள் என்று சொன்னதுதான். பாட்டியின் விளக்கம் எனக்கு அதிகம் பிடித்தது. கை தலையில் இருக்கும் அந்த அரை நிமிடம், காலையில் வாங்கிய ஏச்சையெல்லாம் பிள்ளை மறந்துவிடும்.

உங்களை ஷபாத்திலும் வரச் சொல்லியிருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமக்காக ஒரு வேலையைச் செய்யுமாறு யூதர் அல்லாதவரிடமும் அவர்கள் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். “இந்த அறை நல்ல இருட்டு” என்று தாய் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். நான் முதல் தடவை “ஓம், மழைக்காலம்தானே” என்று பதில் சொன்னேன். ஆனால் சிறு பிள்ளையின் தேவை நோயாளியின் தேவைக்குச் சமம் என்று அவர்கள் சட்டமே வைத்திருப்பதால், பிள்ளைக்கு வேண்டியதை நேராகக் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் இல்லை, உடனே 999ஐ அழையுங்கள். வடமேற்கு லண்டனில் ஹட்ஸோலா என்ற அவர்களுடைய தன்னார்வ அவசர மருத்துவச் சேவையும் உண்டு, அந்த எண்ணை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

தொலைக்காட்சித் திரையும் வரையும் வண்ணக் கட்டியும் இல்லாத சனிக்கிழமை நீளமானது. ஷபாத்துக்கென்றே ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் வைத்து, மற்ற ஆறு நாளும் அதை மேல் தட்டில் ஒளித்துவைக்கும் வீடுகள் தப்பித்துவிடுகின்றன. மதியம் பெற்றோர் தூங்குவார்கள். ஷபாத் தூக்கம் இன்பம் என்று பழமொழியே உண்டு. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

கோடையில் எல்லாம் தலைகீழ். ஜூனில் விளக்கேற்றும் நேரம் இரவு ஒன்பதைத் தாண்டிவிடும், சனி இரவு முடிய பத்தரை ஆகும். சிறு பிள்ளை உள்ள வீடுகள் ஏழரை, எட்டு மணிக்கே ஷபாத்தை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு சமயத்திலேயே இருக்கிறது. அதுவும் இரண்டு வயதுக்குத் தாமதம்தான். ஐந்து மணிக்கே ஊட்டிக் குளிப்பாட்டி, விளக்கைப் பார்க்க வைத்துவிட்டுப் படுக்கப் போடுவார்கள், பெரியவர்கள் பிறகு உண்பார்கள். குளிர்காலத்தில் சனி மாலை ஐந்து மணிக்கெல்லாம் ஓய்வுநாள் முடிந்துவிடும், அப்போது ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தலாச் சடங்கைப் பிள்ளைகளும் பார்க்கலாம். பின்னிய மெழுகுதிரி ஒன்று, கிராம்பும் கறுவாவும் போட்ட சிறு பெட்டி, ஒரு குவளை திராட்சை ரசம். எல்லோரும் முகர்ந்து பார்ப்பார்கள், நகத்தை வெளிச்சத்தில் பார்ப்பார்கள், திரியை ரசத்தில் அமிழ்த்தி அணைப்பார்கள். கிராம்பு வாசத்தில் எனக்கு மட்டும் எங்கள் வீட்டு அடுப்படி நினைவு வரும்.

ஒரே ஓர் இரவு இந்த ஒழுங்கெல்லாம் வேண்டுமென்றே உடைக்கப்படும். எகிப்தின் அடிமைத்தனத்தில் இருந்து மீண்ட கதையைச் சொல்லிக் கொண்டாடும், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் பெசாஹ் பண்டிகையின் முதல் இரவில் பிள்ளைகள் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும். வீட்டில் இளையவர் எழுந்து நின்று, “இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை?” என்று கேட்க வேண்டும், அது இல்லாமல் கதை தொடங்காது. பிள்ளைகள் தூங்கிவிடாமல் கேள்வி கேட்கட்டும் என்று ரப்பி அகிவா வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் பங்கிட்டாராம். இன்று அந்த இடத்தில் சொக்கலேட். இஸ்ரேலுக்கு வெளியே இது இரண்டு இரவு நடக்கும். மறுநாள் காலையில் போவதானால் பத்து மணிக்கு முன் போகாதீர்கள். மணியை அழுத்தாதீர்கள், கதவை மெதுவாகத் தட்டுங்கள்.